முதலில் டாக்டரின் நெஞ்சு

போன வாரம் வசந்தி அக்காவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பளிங்குத் தரை, ஏசி, நம்பர் கூப்பிடும் மெஷின். இளம் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "இவங்களுக்கு என்ன பண்ணுது?" என்று என்னைக் கேட்டார். பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, கன்னத்தில் அறைந்துகொள்கிறாள் என்றேன். "மனவளர்ச்சி குறைஞ்சவங்களுக்கு இது சகஜம் சார்." தூக்க மாத்திரை எழுதிவிட்டார். நாலே நிமிஷம். இந்த வேகத்தில் எங்கள் நெய்வேலிச் சுரங்கத்தில் கரிகூட வெட்டியதில்லை.

அதுவரை அக்கா அவர் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்புக்காகக் கையை நீட்டியபடி இருந்தாள். "கொஞ்சம் புடிச்சுக்குங்க சார்" என்று அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். ஐம்பத்திரண்டு வயது அக்கா தன்னுடைய முறையைத்தான் கேட்டாள். பாவம், அது அவருடைய படிப்பில் இல்லை போலிருக்கிறது.

அந்தக் காலத்தில் எங்கள் குடும்ப டாக்டருக்கு, பக்கத்து மந்தாரக்குப்பத்தில் ஒரு பெஞ்சும் கிறீச்சிடும் ஃபேனுமாக ஒரு கிளினிக். அக்கா போனால் ஸ்டெதாஸ்கோப்பை அவள் காதில் மாட்டி, மறுமுனையைத் தன் நெஞ்சில் வைப்பார். "ஓடுதா பாரு வசந்தி." கண்ணை மூடிக் கேட்டு, "ஓடுது" என்று அவள் உத்தரவு கொடுத்த பிறகுதான் அவளைத் தொடுவார். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் காதில் விழாது.

சின்ன வயதிலும் ஒருமுறை அக்கா இப்படித்தான் அறைந்துகொண்டாள். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்ததால் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. மதுரைக்காரர் காத்து கருப்பு என்றார், தஞ்சாவூர் மாமி திருஷ்டி என்றார். "மைன்ஸ்ல அவுங்கப்பாவுக்கு ஷிஃப்ட்டு மாறனதுலேர்ந்து அடம் புடிச்சிகினு கெடக்குதுங்க" என்று சேத்தியாத்தோப்பில் பிறந்த என் அம்மா டாக்டருக்கே விளக்கினாள். "அது எப்பவும் அப்புடித்தான்" என்று முடித்துவைத்த மேதை நான்.

டாக்டர் எப்போதும்போல "ஓடுது" வாங்கிக்கொண்டு, அவளை வாயைத் திறக்கச் சொன்னார். கடவாய்ப் பல் சொத்தை, ஈறெல்லாம் சீழ். "புத்திதானே கம்மி? வலியும் கம்மின்னு நெனச்சீங்களா?" என்று எங்களைக் கேட்டார்.

அந்த ஞாபகத்தில்தான், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மெடிக்கல் கடையில் ஸ்டெதாஸ்கோப் ஒன்று வாங்கினேன். வீட்டில் என் நெஞ்சில் வைத்தேன். அக்கா கண்ணை மூடினாள். "ஓடுது." பிறகு தானாகவே வாயைத் திறந்தாள். செல்போன் வெளிச்சத்தில் எனக்கே தெரிந்தது, இந்த முறை மறுபக்கத்துப் பல். மறுநாள் பல் டாக்டரிடம் முதலில் அவர் நெஞ்சில் வைக்கச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு சார்" என்றதால் அங்கேயும் என் நெஞ்சைத்தான் காட்டினேன். பல்லைப் பிடுங்கியாயிற்று. தூக்க மாத்திரை பிரிக்காமல் கிடக்கிறது.

கிளினிக் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டாக்டர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. தினமும் காலையில் நான் பிரஷர் மாத்திரையை விழுங்கும் நேரத்துக்கு அக்கா ஸ்டெதாஸ்கோப்போடு வந்து நிற்கிறாள். சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு உட்காருகிறேன். அவள் கண்ணை மூடிக் கேட்கும் அந்த அரை நிமிஷம் எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்குப் பிறகு யார் இவளிடம் முதலில் நெஞ்சைக் காட்டுவார்கள்?

"ஓடுது" என்கிறாள். பட்டனை அவளே மாட்டிவிட்டுக் காபி கேட்கிறாள்.