ஃப்ரீசரில் இடம் இல்லாத வீடு

மருந்துக் கிடங்கில் பெட்டி பிரிக்கும் வேலை பார்க்கிற அந்த அம்மாவுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ஐஸ் அக்கா. குளிரிலேயே இருக்கவேண்டிய ஊசி மருந்துகள் தெர்மாகோல் பெட்டியில் வரும். மருந்தை எடுத்து அடுக்கியபின் நீல ஜெல் அடைத்த ஐஸ் பேக்குகள் மிஞ்சும். மற்றவர்கள் குப்பையில் வீசுவார்கள். இவருக்கு மனசு வராது. மேலாளரிடம் கேட்டுவிட்டு, கழுவித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்.

கொண்டுபோனதைச் சும்மாவும் வைக்கமாட்டார். மீன் வாங்கப் போனால் பையின் அடியில் ஒன்று. கரண்ட் போனால் பால் பாக்கெட்டின் மேல் இரண்டு. கணவருக்கு முழங்கால் வீங்கினால் துணி சுற்றி ஒன்று. கழுத்துப் பிடித்துக்கொண்டால் அதையே வெந்நீரில் போட்டெடுத்து ஒத்தடம். ஓரம் கசிய ஆரம்பித்ததை மட்டும் சாப்பாட்டுப் பக்கமே அண்டவிடமாட்டார், தூக்கிப் போட்டுவிடுவார்.

“நம்ம வீட்டு ஃப்ரீசர்ல ஒரு பட்டாணிக்குக்கூட இடமில்ல. நான் கொஞ்ச நேரம் அசையாம உட்கார்ந்தா என்னையும் உள்ள வெச்சிடுவா” என்று கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார்.

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தையை மாமனாரிடம் விட்டுவிட்டு அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த புதிது. அலுவலகத்தில் பால் கட்டிக்கொண்டு உயிர் போகிற வலி. கழிவறையில் நின்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவாள். எடுத்துவரலாம் என்றால் கெட்டுப்போகுமோ என்று பயம். இங்கே குழந்தையோ டப்பாப் பாலைத் துப்பிவிட்டு வீறிட்டது.

“இந்த வாரத்தோட தாய்ப்பாலை நிறுத்திடப் போறேன்” என்று அவள் கணவனிடம் சொன்னது மாமியார் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் மருமகள் கைக்கு ஒரு பை வந்தது. உள்பக்கம் தெர்மாகோல் வைத்துத் தைத்த பை. உள்ளே ஒரு கண்ணாடிப் புட்டி, அதை நெருக்கிக்கொண்டு கல்லாக இறுகிய நான்கு ஐஸ் பேக்.

“இதுல எடுத்துட்டு வாம்மா. ஒண்ணும் ஆகாது.”

ஆகிவிட்டது. உறைந்த பேக்கை அப்படியே மருந்தோடு ஒட்டி வைக்கக்கூடாது, மருந்தும் உறைந்து கெட்டுவிடும். வெளியே எடுத்துப்போட்டு, மேலே நீர் பூத்து அது வியர்த்தபிறகு, நடுவில் அட்டை கொடுத்துத்தான் அடுக்கவேண்டும். கிடங்கிலிருந்து மருந்தை வெளியே அனுப்பும்போது தினமும் பார்க்கிற வேலை இது. ஆனால் பால் என்ன மருந்தா, குளிர்ச்சி கூடினால் நல்லதுதானே என்று நினைத்துவிட்டார் அவசரக்குடுக்கை. உடம்புச் சூட்டோடு பால் விழுந்ததும் புட்டி விரிசல் விட்டது. சாயங்காலம் மருமகள் ஈரப் பையோடு வந்து நின்றாள்.

“அத்தனையும் போச்சு அத்தை. வலியைப் பொறுத்துக்கிட்டு எடுத்தது. என்னால முடியல, விட்டுடுங்க.”

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மாமியாருக்கு. சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் பேக்குகளை முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்தார். வியர்த்தபின் மகனின் பழைய பனியனைக் கிழித்துச் சுற்றினார். புட்டியும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. சின்ன பேக் ஒன்றை மெல்லிய துணியில் தனியாகப் பொதிந்தார்.

“இன்னிக்கு ஒரு தடவை மட்டும்மா. வலிச்சா இதைக் கொஞ்ச நேரம் மார் மேல வெச்சுக்கோ. அப்புறம் உன் இஷ்டம்.”

மாமியார் கெஞ்சி மருமகள் பார்த்ததில்லை. வாங்கிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் பால் சில்லென்று வந்துசேர்ந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியை வைத்துக் குளிர் போக்கி மருமகள் புகட்டினாள். குழந்தை முகம் சுளிக்காமல் குடித்தது. வீடே நிம்மதியாக மூச்சு விட்டது.

“உங்க பையன் கைக்குழந்தையா இருந்தப்பவும் நீங்க வேலைக்குப் போனீங்களே, என்ன பண்ணீங்க அத்தை?”

“கொட்டினேன்” என்றார் மாமியார். “தினமும் கொட்டினேன். வலிக்குதுன்னு உன்னை மாதிரி வாயைத் திறந்து சொல்லக்கூடத் தெரியல. உன் புருஷன் சீக்கிரமே மறந்துட்டான். எனக்குத்தான் பால் நிக்கவே இல்ல.”

மருமகள் குழந்தையைத் தூக்கி மாமியார் மடியில் கிடத்தி, பாதி நிறைந்திருந்த புட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

“மீதியை நீங்க குடுங்க.”

அவர் புட்டியை முந்தானையால் துடைத்துச் சாய்த்துப் பிடித்தார். கை மாறியதைச் சட்டை செய்யாமல் குழந்தை குடித்துக்கொண்டிருந்தது.