ப்ளாக்கில் வந்து நின்ற மாங்காய் டிராக்டர்

போன செவ்வாய்க்கிழமை காலை என் ப்ளாக்கைத் திறந்தேன். எனக்கே தெரியாமல் நான் ஓர் அருமையான வரியை எழுதியிருந்தேன்!

'என் மாங்காய் பழுத்துவிட்டது. இந்த கேட் மட்டும் இன்னும் காயாகவே இருக்கிறது.'

மேலே ஒரு போட்டோ. பூட்டிய பச்சை கேட். அதற்கு முன்னால் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. கீழே வாசகர்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். "பிரமாதம் சார்!" "இத்தனை வருஷத்தில் உங்கள் பெஸ்ட் இதுதான்!"

அதுதான் வலித்தது. என் பெஸ்ட், நான் எழுதாததா?

எப்படி வந்தது என்று சொல்கிறேன். ப்ளாக்கில் நான் எழுதுவது வாரம் ஒருமுறை. சோஷியல் மீடியாவில் தினமும் ஏதாவது போடுவேன் — இன்று தின்ற மாம்பழம், நாளை தின்னப்போகிற மாம்பழம், இந்த மாதிரி உலகத்துக்கு அவசியமான செய்திகள். அதெல்லாம் ப்ளாக்கின் ஓரத்தில் தானாக வந்து உட்கார்ந்தால் எவ்வளவு அழகு! அதற்கு ஒரு ப்ளக்-இன் இருக்கிறது. ஒரு ஹாஷ்டேகைக் கொடுத்துவிட்டால் போதும். அந்த டேகோடு வருகிற பதிவையெல்லாம் தேடிப் பிடித்து ப்ளாக்கில் ஒட்டிவிடும்.

கொடுத்தேன். 'சித்தூர்மாங்காய்' — தமிழில்.

இங்கேதான் என் மூளை அதிகமாக வேலை செய்துவிட்டது. சித்தூர் ஆந்திராவில் இருக்கிறது. மார்க்கெட், ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் தெலுங்கு. வீட்டுக்குள் தமிழ் பேசுகிறவர்கள்கூட எழுத உட்கார்ந்தால் தெலுங்கு, இல்லாவிட்டால் இங்கிலீஷ். இந்த ஊரில் தமிழில் ஹாஷ்டேக் போடுகிற ஒரே ஜீவன் நான்தானே? அதனால், 'பதிவிட்டவர் பெயரைக் காட்டவா?' என்று ப்ளக்-இன் மரியாதையாகக் கேட்டபோது, டிக்கை எடுத்துவிட்டேன். எல்லாமே நான்தான்... எதற்குப் பெயர்? இன்னொருவரும் அதே டேகைப் போடுவார் என்று யார் கண்டது?

போன் அடித்தது. சாமுவேல். என் மனைவி எஸ்தரின் தம்பி. வேலூர் ரோட்டில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் மேனேஜர். பச்சை கேட்டைப் பார்த்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

"மாமா, இன்னா மாமா இது? எங்க கேட்டு உங்க ப்ளாக்ல இன்னா பண்ணுது?"

"மச்சான், அது நான் இல்ல... ப்ளக்-இன்..."

"எந்த பிளக்கா இருந்தா இன்னா, மொதல்ல புடுங்குங்க! ஓனரு திருப்பதிலருந்து போன்ல கத்தினு கீறாரு. அவருக்குத் தமிழ் வராது. அவரு மருமக வேலூர்ப் பொண்ணு. காபி குடிக்கும்போது சத்தமா படிச்சிக் காட்டிக்கீது!"

போனை வைத்து நிமிர்ந்தால் எஸ்தர் நிற்கிறாள். கையில் கரண்டி.

"என் தம்பி வேலைக்கு வேட்டு வெச்சிட்டு, இங்க உக்காந்து மாம்பழம் துன்னுகினு கீறீங்களா?"

செட்டிங்ஸைத் திறந்தேன். எதையோ அழுத்தினேன். ஓரத்தில் இருந்த பதிவு மறைந்தது. அப்பாடா... என்று மூச்சு விடுவதற்குள் ப்ளாக்கின் உச்சியில், முழு அகலத்தில், கல்யாண பேனர் மாதிரி வந்து நின்றது. இன்னொன்றை அழுத்தினேன். என்னையே வெளியே தள்ளிவிட்டுப் பாஸ்வேர்டு கேட்டது. பயம் வந்தால் எனக்கு என் பெயரே மறந்துபோகும். பாஸ்வேர்டு எந்த மூலைக்கு?

ஒரே வழிதான். எழுதிய ஆளைப் பிடித்து அழிக்கச் சொல்லவேண்டும். ஸ்கூட்டரை ஃபேக்டரிக்கு விரட்டினேன்.

சீசன் வந்தால் தோதாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் ஃபேக்டரி வாசல்களில் வரிசையில் கிடப்பது எங்கள் ஊரில் புதிதில்லை. "சே, டிராஃபிக்!" என்று திட்டிக்கொண்டு நானும் தாண்டிப் போகிறவன்தான். அன்றைக்குத்தான் வண்டியை நிறுத்திப் பக்கத்தில் நின்றேன். பழுத்த வாசனை இல்லை அது. பழுத்து முடிந்து புளிக்க ஆரம்பிக்கிற வாசனை.

போட்டோவின் மூலையில், எடுத்தவரின் வண்டியாகத்தான் இருக்கவேண்டும், எலுமிச்சம்பழம் கட்டிய சிவப்பு பானெட் ஒன்று தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தேன். டிரைலர் மேல் ஏறி நின்று, கெட்டுப்போனதைப் பொறுக்கி ரோட்டோரம் எறிந்துகொண்டிருந்தார் ஒருவர். நகரிப் பக்கத்து விவசாயி. பெயர் சொல்லமாட்டேன்.

"இது நீங்க எழுதுனதா?" என்று போனைக் காட்டினேன்.

கீழே இறங்கி வந்தார். கேட்டை ஒரு பார்வை பார்த்தார். குரல் சின்னதாகிவிட்டது. "ஆபீஸ்லருந்து வர்றீங்களா சார்?"

"இல்லீங்க. என் ப்ளாக்ல தெரியாம வந்துடுச்சி. உங்க பேரும் இல்லாம போச்சி. தப்புதான். ஆனா இத அழிச்சிட்டீங்கன்னா..."

"பேரு இல்லியா?"

"இல்ல. நான் எழுதுனதுன்னு எல்லாரும் நெனச்சிக்கினு கீறாங்க."

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அப்பிடியே இருக்கட்டும் சார்! என் பக்கத்தைப் பாக்கறது என் பெண்டாட்டியும் அவ தங்கச்சியும்தான். ஆத்திரத்துல போட்டுட்டேன். பின்னாடி கேட்ல வியாபாரிங்க மாங்காய லாரி லாரியா உட்டுகினு கீறாங்க. நாங்க இங்க நின்னுகினு நாறினு கீறோம். என் பேரு தெரிஞ்சா அடுத்த சீசன்ல இந்தப் பக்கமே சேக்க மாட்டாங்க. இன்னிக்கி உள்ள போவலன்னா மொத்த லோடையும் ரோட்டுலதான் சார் கொட்டணும்."

அழிக்கச் சொல்ல வந்தவன் நான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சின்ன கேட் திறந்தது. சாமுவேல்!

"மாமா, ஓனரு கேக்கறாரு. நெசத்தச் சொல்லுங்க. அத எழுதுனது யாரு? இங்க நிக்கிற வண்டிக்காரன் எவனாவது குடுத்தானா?"

எனக்குப் பின்னால், கையில் எடுத்த மாங்காயோடு அவர் அப்படியே நின்றார்.

நான் வீரனில்லை. பல் டாக்டர் வாசல் வரை போய், செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன். ஆனாலும், "நான்தான் எழுதினேன்" என்றது ஒரு குரல். என்னுடையதுதான். கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"நீங்களா? இவ்ளோ சின்னதா எழுத வருமா உங்களுக்கு?"

சந்தேகப்படுகிறான்! விட்டால் மாட்டிக்கொள்வோம். "பின்னாடி போற லாரியப் பத்தி இன்னும் எழுதல மச்சான். அதப் பெருசா எழுதலாம்னு..."

இதைச் சொன்னது சத்தியமாக நான் இல்லை. வாய்தான் சொன்னது.

சாமுவேல் என்னைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, தெலுங்கில் கெஞ்சுகிற குரலில் பேசியபடி உள்ளே போனான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஓனருக்கும் கேட்டுக்கும் நடுவில் சிக்கிய பல்லி அவன். அன்று அவன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று எஸ்தர் பிறகு சொன்னாள்.

பின் கேட் லாரிகள் நின்றன. பச்சை கேட் திறந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பொழுது சாய்வதற்குள் அவர் லோடும் உள்ளே போயிற்று. எறிந்தது எறிந்ததுதான், மிச்சம் தப்பியது. போகிற போக்கில் நல்லதாகப் பார்த்து நாலு பழம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல இருந்தேன். அதற்குள் கை வாங்கிக்கொண்டது.

பாஸ்வேர்டு மறுநாள் ஞாபகம் வந்தது. அவர் தன் பக்கத்தில் அந்தப் பதிவை அழித்துவிட்டார். நான் அதே வரியை, போட்டோ இல்லாமல், என் பெயரிலேயே போட்டு வைத்தேன். யாராவது தேடினால் என்னிடம் வந்து முட்டி நிற்கட்டும். ஹாஷ்டேகை மட்டும் மாற்றவில்லை. தமிழில் எழுதுகிற ஆட்கள் இன்னும் யார் யார் கிடைப்பார்களோ?

ஆனால் பாராட்டு நின்றபாடில்லை. "அந்த கேட் வரி... அடடா!" என்று தினமும் யாராவது எழுதுகிறார்கள். எத்தனை நாள்தான் தாங்குவது? அதனால்தான் இன்றைக்குப் போட்டு உடைக்கிறேன். அந்த வரி என்னுடையதில்லை. யாருடையது? வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேர். டிராக்டரின் நிறத்தையும் ஊரையும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். சாமுவேல் வேண்டுமானால் தேடிப் பார்க்கட்டும்.

பாராட்டையெல்லாம் அவர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். திட்டுவதாக இருந்தால் மட்டும் எனக்கு — வீட்டுக்கு வழி மச்சானுக்குத் தெரியும்!