ஆர்வில் ஸ்டாம்பர் விற்ற கைத்துப்பாக்கி

‘ஆர்வில் ஸ்டாம்பர். சுடுகளப் பொறுப்பாளராக இருபத்தேழு ஆண்டுகள். ஒரு பிழையும் செய்யாதவர். எவருக்கும் சலுகை காட்டாதவர்.’

லிக்கிங் ஆற்றங்கரைக் கரிமருந்துத் துப்பாக்கிச் சங்கத்தின் சமையல் கொட்டகையில், அவர் பொறுப்பை விட்ட அன்று மாட்டிய பித்தளைத் தகடு இப்படிச் சொல்கிறது. அதே சுவரில் இரண்டு முழம் தள்ளி ஒரு பழைய மரப்பலகை. மருந்து போட மறந்து, வெறும் ஈயக்குண்டை மட்டும் குழலுக்குள் இடித்துவிட்டு, விசையை இழுத்து அசடு வழிந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஒன்பதாவது பெயர் ஆர்வில் ஸ்டாம்பர். இரண்டையும் சேர்த்துப் படித்து யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. பீன்ஸுக்கும் சோள ரொட்டிக்கும் வரிசையில் நிற்பவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை.

தகடும் தப்பு, பலகையும் தப்பு என்பது ரோவீனா காடிலுக்குத் தெரியும்.

ரோவீனா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாகச் சுட வந்தபோது, கைத்துப்பாக்கி வரிசையில் நின்ற ஒரே பெண் அவள்தான். கையில் இருந்தது ஆர்விலின் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி, இரவல். பத்துப் பேர் முன்னால் சுடப்போகிற பதற்றத்தில், பின்னால் மேசையில் ஆர்வில் பக்கத்தில் நின்று நிரப்பும்போதே மருந்தை மறந்து குண்டை இடித்துவிட்டாள். விசையை இழுத்தாள். கல் உரசியது, குழலோரத்தில் பற்றவைப்பு மருந்து வைக்கும் சின்னக் கிண்ணத்தில் பொறி பறந்தது, அவ்வளவுதான். எல்லோர் கண்ணும் ஆணியில் தொங்கிய மஞ்சள் தொப்பிக்குப் போனது. காதை மூடி, தாடையில் நாடா கட்டும் பாட்டி காலத்துத் தொப்பி. குற்றவாளி அதைப் பொழுது சாயும்வரை போட்டிருக்க வேண்டும். ஆண்களுக்கென்று ஏற்பட்ட தண்டனை. பெண்ணுக்குப் போட்டால் அவமானமா, அலங்காரமா என்று விதியில் இல்லை. ரோவீனாவோ வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

“அத இடிச்சது நாந்தான். வாய் ஓயாம பேசிட்டே மருந்த விட்டுட்டேன்” என்றார் ஆர்வில்.

அன்று முழுக்க அந்தத் தொப்பியோடுதான் கண்டிப்பு காட்டினார். ரோவீனா சாவியைப் பைக்குள் போட்டாள். இன்றைக்குச் சுடுகளப் பொறுப்பு அவளிடம்.

இந்த ஜூன் மாதக் கூட்டத்தில் ஆர்விலும் ஒரு கம்பளியை விரித்துக் கடை போட்டிருந்தார். எண்பத்தொன்று ஆகிறது, கண்ணில் புரை. விற்பனைக்கு அதே கைத்துப்பாக்கி. முன்னூறு டாலர். நாலு வருஷமாக ரோவீனா ஆசைப்பட்டது.

“வாங்கிக்க ரோவீனா, கிழவர் கை பட்ட துப்பாக்கி. அது தப்பே பண்ணாது. தகட்டுலயே எழுதியிருக்கு!” என்றான் பக்கத்தில் நின்ற சங்கத்து உறுப்பினன் டென்சில் ஹாட்சர். அவன் வாய்க்குப் பூட்டுச் செய்ய இந்த மாவட்டத்தில் கொல்லன் இல்லை.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர் முதலில் செய்வது ஒன்றுதான். இடிக்கும் குச்சியைக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது. ரோவீனா விட்டாள். அடிவரை போக வேண்டிய குச்சி அரை விரற்கடை முன்னாலேயே நின்றது. உள்ளே என்னவோ இருக்கிறது.

அவள் குழலைத் தரைப் பக்கம் திருப்பினாள். ஆர்வில் முகத்தைப் பார்த்தாள். அதில் ரத்தமில்லை.

“என்ன, என்ன?” என்று டென்சில் கழுத்தை நீட்டினான்.

“ஒண்ணுமில்ல. நான் எடுத்துக்கறேன்.”

பணத்தை வாங்கும் சாக்கில் ஆர்வில் அவள் காதருகே குனிந்தார். “மருந்து இல்லம்மா, குண்டு மட்டும்தான். போன அக்டோபர்ல, வீட்டுக் கொல்லையில. மருந்து அளவு கண்ணுக்குச் சரியா தெரியல. வெக்கப்பட்டு மாட்டி வெச்சேன், அப்புறம் சுத்தமா மறந்தே போச்சு. சொல்லிடறேன் எல்லார்கிட்டயும்.”

“நீங்க உக்காருங்க.”

சுடும் வரிசைக்குப் போனாள். உள்ளே மருந்தும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, எச்சரிக்கையாக அதைப் பிடித்துக்கொண்டாள். சிக்கிய குண்டை வெளியே தள்ள, குழலின் பக்கத்துத் துளை வழியாகப் பொடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி, கிண்ணத்திலும் வைத்து, எல்லோரையும் விலகச் சொல்லி, மண்மேட்டைப் பார்த்துச் சுட்டாள். குண்டு சோம்பலாக வெளியே வந்து மண்ணில் விழுந்தது.

“இது என்ன, பூனை தும்மின மாதிரி?” என்றான் டென்சில்.

“இந்தத் துப்பாக்கியில மருந்து போடாம குண்ட இடிச்சிட்டேன்பா. நாந்தான்.”

அது பொய்யில்லை. தேதி மட்டும் பதினோரு வருஷம் தள்ளிப்போயிருந்தது.

கூட்டம் ஓவென்று கத்தியது. டென்சில் தொப்பியைக் கொண்டுவர ஓடினான். ஆர்வில் நாற்காலியிலிருந்து எழுந்தார். “இல்லடா, அது வந்து...”

“பெரியவரே, இப்ப பொறுப்பு எனக்கு. உக்காருங்க” என்று நாடாவைத் தாடையில் கட்டிக்கொண்டாள் ரோவீனா. அவர் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புரை என்றார்.

பலகையில் இப்போது பதினான்காவதாக ரோவீனா காடில் இருக்கிறாள். தகட்டை யாரும் கழற்றவில்லை. ஆர்வில் ஸ்டாம்பர் எண்பது வயதில் ஒருமுறை மருந்து போட மறந்தார். அதற்குப் பத்து வருஷம் முன்பு, மறந்தவள் ரோவீனா என்று தெரிந்தும், தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.