கமலா வாங்கிய சத்தியம்

கமலாவை ஆன்ட்டி என்று கூப்பிட்டால் அவள் கேள்வியே கேட்க மாட்டாள். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண் தயங்கித் தயங்கி "ஆன்ட்டி..." என்று இழுத்தால், "அக்கான்னு சொல்லு, இல்லன்னா எழுந்து போயிடுவேன்" என்பாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, மகள் அபி காலேஜில் படிக்கிறாள், வகிட்டோரம் நரை எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் நோணாங்குப்பம் முதல் தவளக்குப்பம் வரை எல்லாப் பெண்களுக்கும் அவள் அக்காதான்.

கமலாவும் நானும் புதுச்சேரியில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறோம். சாரம் பகுதியில் ஒரு மாடி வீடுதான் ஆபீஸ். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு வருவது கமலா. வந்த பதில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது துர்கா என்கிற நான். வெயில் அவளுக்கு, மின்விசிறி எனக்கு. இதை அவள் மாதம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டாமல் விடமாட்டாள்.

இந்த முறை வந்த ஆய்வு, பதினைந்திலிருந்து பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களைப் பற்றியது. மாதவிலக்கு, அதில் வரும் தொந்தரவு, அதற்கு வைத்தியம் பார்த்தார்களா, உடம்பைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்தார்கள், கர்ப்பம் எப்படி உண்டாகிறது என்று தெரியுமா, வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்டதா என்றெல்லாம் கேட்க வேண்டும். கேள்விகளைத் தயாரித்தவர்கள் நன்றாகத்தான் தயாரித்திருந்தார்கள். ஆனால் 'பெண்ணைத் தனியாக வைத்துக் கேட்கவும்' என்று ஒரு வரி போட்டிருந்தார்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு கூடம், ஒரு அடுப்படி, நடுவில் ஒரு புடவைத் திரை. தனியாம்! எந்த வீட்டில்?

அதனால் மற்றவர்கள் கேட்டு வந்த பதில்களில் பாதிக்கு மேல் 'தெரியாது'. வயிற்றுவலி உண்டா, தெரியாது. யார் சொல்லிக் கொடுத்தார்கள், தெரியாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் நானாக இருந்தாலும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கம்ப்யூட்டர் திரை முழுக்கத் 'தெரியாது' ஓடுவதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேசையில் எதையாவது எடுத்து டொக்கென்று வைப்பேன்.

கமலா இதற்கொரு வழி வைத்திருந்தாள். அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "அண்ணி, ரேஷன் கார்டு கொஞ்சம் பாக்கணுமே, சிவப்பா மஞ்சளா?" என்பாள். எந்த வீட்டிலும் ரேஷன் கார்டு கைக்கெட்டும் இடத்தில் இருந்ததே கிடையாது. பீரோவுக்கு அடியிலோ, பட்டுப்புடவைக்கு நடுவிலோ, பக்கத்துத் தெரு நாத்தனார் வீட்டிலோதான் இருக்கும். அம்மா தேடி முடிப்பதற்குள் கமலா பாதிக் கேள்வியைத் தாண்டியிருப்பாள். கார்டு வந்துவிட்டால், "கேஸ் புக்?" என்பாள்.

ஆனால் பெண்கள் அவளிடம் பேசியதற்கு ரேஷன் கார்டு மட்டும் காரணமில்லை. அவளைப் பார்த்தால் பேசத் தோன்றும், அவ்வளவுதான். முதலில் தன் கதையைச் சொல்வாள். அவள் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய வருஷம்தான் இவள் வயசுக்கு வந்தாள். வீட்டில் எல்லோரும் வேலை போன துக்கத்தில் இருந்தார்கள்; இவளிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. ஏதோ பெரிய வியாதி, செத்துப்போகப் போகிறோம் என்று முடிவுகட்டி, தன் ஜாமெட்ரி பாக்ஸைத் தம்பிக்குத் தானம் கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்து தண்ணீர் ஊற்றி, புட்டு சுற்றிச் சடங்கெல்லாம் முடிந்த பிறகு, திருப்பிக் கேட்டால் தம்பி தரமாட்டேன் என்றுவிட்டான். "இன்னிய வரைக்கும் தரல, பாவி" என்று கமலா முடிக்கும்போது எதிரில் இருக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அப்புறம் பேச ஆரம்பிக்கும். எனக்கு அவளை இந்தக் கதைக்காகவே பிடிக்கும். எத்தனை தடவை கேட்டாலும் சிரிப்பு வரும்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வந்தது வினை. கமலா பேட்டி எடுத்த பெண்கள் மட்டும் பேசினார்கள் என்பதே அவளுக்கு எதிராகத் திரும்பியது. மற்றவர்கள் பகுதியில் மாதவிலக்குத் தொந்தரவு இருப்பதாகச் சொன்ன பெண்கள் அபூர்வம். கமலாவின் பகுதியில் ஏறக்குறைய பாதிப்பேர். ஆய்வுக்குத் தலைவர் விஜயராகவன் சார் என்னைக் கூப்பிட்டார். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். எண்களை மட்டும் நம்புவார், அதிலும் அழகாக இருக்கும் எண்களைச் சந்தேகப்படுவார்.

"துர்கா, கமலாவோட பொண்ணுங்க மட்டும் இவ்ளோ பேசறாங்களே. வீட்டுக்குப் போகாம கமலாவே பதில் போட்டுடறாங்களோன்னு மேல கேக்கறாங்க. மூணு வீட்டுக்கு நீங்க போய் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுட்டு வாங்க. கமலாகிட்ட சொல்ல வேணாம்."

பழைய பதில் வேறு, புதுப் பதில் வேறு என்றால் கமலா பொய்யாக எழுதினாள் என்று ஆகிவிடும். அவள் வேலை போகும். அவள் எடுத்த பேட்டிகள் அத்தனையும் கணக்கிலிருந்து நீக்கப்படும். அந்தப் பெண்கள் வாயைத் திறக்கவே இல்லை என்பதுபோல அறிக்கை வரும். சிநேகிதியை வேவு பார்க்க அனுப்புகிறாரே என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் பயம் இல்லை. கமலாவைப் பற்றி எனக்குத் தெரியாதா?

முதல் வீடு தவளக்குப்பத்தில். கவிநிலா என்ற பெண். அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் டேப்லெட்டைத் திறப்பதற்குள்ளேயே அவள் ஒப்பித்தாள்: "கமலாக்கா வந்தாங்க, ரேஷன் கார்டு பாத்தாங்க, போயிட்டாங்க. வேற ஒண்ணுமே கேக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வீட்டிலும் அதே பதில். மூன்றாவது, நோணாங்குப்பம் படகுத்துறையில் வேலை பார்க்கும் முருகையனின் மகள் பூவிழி. பதினாறு வயது; நிமிர்ந்து பார்க்கும் கண்கள். நான் உட்காரும் முன்பே, "ரேஷன் கார்டு பாத்தாங்க, போயிட்டாங்க" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவு நாள் நம்பினேனே! மூன்று பெண்களும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள் என்றால் இவள் வெறும் ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு வந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்து பதில் போட்டிருக்கிறாள். ஆபீசுக்குப் போவதற்குமுன் சாரத்தில் அவள் வீட்டுக்கே போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டாம் என்று சார் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

"ஏண்டி இப்படிப் பண்ண? மூணு பேர்கிட்ட கேட்டேன். மூணு பேரும் கமலாக்கா ஒண்ணுமே கேக்கலங்குதுங்க!"

அவள் முகம் வெளிறும் என்று பார்த்தேன். மாறாக மலர்ந்தது. கையில் இருந்த ஈரத் துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டாள்.

"நெஜமாவா? மூணு பேருமா? பூவிழி கூடவா?"

"பூவிழி கூடத்தான். இதுல என்னா சந்தோசம் உனக்கு?"

"ஒருத்திகூட சொல்லலியே துர்கா! சொல்லாதீங்கன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருந்தேன். புள்ளைங்க காப்பாத்திட்டாங்க பாரேன்."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னாள். இதற்கு முந்தின ஆய்வில் ஒரு பெண்ணிடம் பேசிவிட்டு வந்திருக்கிறாள். குடையை மறந்துவிட்டதால் மறுநாள் போனால், அந்தப் பெண்ணின் கன்னம் வீங்கியிருக்கிறது. 'அந்தப் பொம்பளை என்ன கேட்டா, நீ என்ன சொன்ன' என்று அம்மா ராத்திரி முழுக்கப் பிடுங்கி எடுத்து, பெண் பயந்துபோய் ஒப்பித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் பேசினான் என்ற சமாச்சாரம்தான். அதற்கு அடி.

"நாம யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்னு பேப்பர்ல எழுதியிருக்கு. சரி. அந்தப் புள்ள பயந்து சொல்லிடாம யாரு பாத்துக்கறது? அதான் கடைசியா கைய நீட்டச் சொல்லி, யாரு கேட்டாலும், ஆபீஸ்லேருந்து வந்தா கூட, ரேஷன் கார்டு பாத்தாங்க போயிட்டாங்கன்னு மட்டும் சொல்லுன்னு..."

"ஆபீஸ்லேருந்து வந்தா கூடன்னு சொன்னியா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றாள். அப்போதுதான் அவளுக்குத் தன் நிலைமை உறைத்தது. வாளியின் பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். அபிக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி. கணவர் வடிவேல் ஓட்டுவது வாடகை ஆட்டோ.

"நாளைக்கே போய் மூணு பேர்கிட்டயும் உண்மையச் சொல்லலாம்னு சொல்லிடு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "மாட்டேன். பெரியவங்க சொல்ற பேச்சைக் காப்பாத்த மாட்டாங்கன்னு அதுங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நானும் போய் அதையே காட்டவா? என் வேலைக்காகச் சத்தியத்த விட்டுடுன்னு கேட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கினு அதுங்க எதிர்ல உக்காருவேன்?"

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் ஆபீசுக்குப் போய் விஜயராகவன் சாரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் நெடுநேரம் துடைத்தார்.

"தப்புதான். சோதனைக்கு வர்றவங்ககிட்டயும் சொல்லாதேன்னா நாங்க எப்படிச் சோதிக்கறது?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "சத்தியத்தை விட வேணாம். உங்களையும் அதுக்குள்ள சேத்துக்கச் சொல்லுங்க. கமலா கூட வரட்டும், உங்களை அறிமுகப்படுத்தட்டும். கேள்வி கேக்கறப்ப அவங்க அங்க இருக்கக் கூடாது. பொண்ணுங்களை வற்புறுத்தவும் கூடாது. வேலை போயிடும்கற பேச்சே வரக்கூடாது. மூணு பேர் பதிலும் பழசோட ஒத்துப்போனா நான் மேல பேசிக்கறேன். ஒண்ணு தவறினாலும் என் கையில இல்ல" என்றார்.

கமலா யோசித்துப் பார்த்து, "புள்ளைங்களுக்கு இஷ்டம் இருந்தா சரி" என்றாள்.

கவிநிலா வீட்டில் சுலபமாக முடிந்தது. இரண்டாவது வீட்டுப் பெண்ணும் கமலாவைப் பார்த்த தைரியத்தில் பேசிவிட்டாள்; இருவர் பதிலும் பழையதோடு ஒத்துப்போயின. பூவிழி வீட்டுக்குப் போகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் அம்மா சந்திரகலா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். கமலா பூவிழியின் தோளில் கைவைத்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இவ துர்கா, என் சிநேகிதி. என்கிட்ட சொன்னத இவகிட்டயும் சொல்லலாம். சொல்லித்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல கண்ணு."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சார் கேட்டது அதைத்தான் என்றாலும், அவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டுமா? நான் பல்லைக் கடித்தேன். கமலா என்னைப் பார்க்காமலே வாசலுக்குப் போய், "அண்ணி, அன்னிக்கு ரேஷன் கார்டு நம்பர் ஒண்ணு சரியா வுழல" என்று ஆரம்பித்துவிட்டாள்.

நானும் பூவிழியும் அடுப்படியில் உட்கார்ந்தோம். பூவிழி என்னையே பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலன்னா கமலாக்காவுக்கு எதனா ஆவுமா?"

'ஆகும்டி, எல்லாம் ஆகும்' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதைச் சொன்னால் அவள் பேசிவிடுவாள். ஆனால் அப்படி வாங்கும் பதில் கமலாவுக்கே பிடிக்காது.

"அதெல்லாம் நீ யோசிக்காத. உனக்குச் சொல்லத் தோணினா சொல்லு. இல்லன்னா இப்பவே எழுந்து போயிடறேன்" என்றேன்.

வாசலில் கமலா கேஸ் புக்குக்கு வந்துவிட்டாள். நான் வழக்கப்படி, சொல்லும் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும் என்ற பத்தியைப் படிக்க ஆரம்பித்தேன். பூவிழி நடுவில் நிறுத்தினாள்.

"அது பேப்பர்ல இருக்கட்டும்க்கா. நீங்க கையில அடிங்க."

உள்ளங்கையை நீட்டினாள். பாத்திரம் தேய்த்த ஈரம் காயாத கை. இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கான பெண்களின் பதில்களைத் திரையில் பார்த்திருக்கிறேன், ஒருத்தியின் கையைத் தொட்டதில்லை. அடித்தேன். அவள் என் கையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்து, விட்டாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள்; கமலா எழுதியிருந்ததிலிருந்து ஒரு பதில்கூட மாறவில்லை.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கடலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். கமலா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்து, ஏறி, உட்கார்ந்து, பாலம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"என்னா சொல்லுச்சு?"

"உனக்கு எதுக்குச் சொல்லணும்? கையில அடிச்சுக் குடுத்திருக்கேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து, பஸ்ஸில் எல்லோரும் பார்க்க, ஓவென்று அழுதாள்.