மேஜை விரிப்பில் இருந்த தரை

அக்கா மகள் படப்பைப் பக்கம் ஃபிளாட் வாங்கினாள். எங்கள் அம்மா வைத்திருந்த பழைய மேஜை விரிப்பின் டிசைனையே அச்சடித்து, அங்கே திரைச்சீலை போடுவது என்று அக்கா முடிவு செய்தாள். விரிப்பு என்னிடம் இருந்தது. கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பச்சையும் செங்காவியுமாக ஒரு பூ, அதைச் சுற்றிச் சங்கிலி போலக் கரை. அதைப் பார்த்ததும் அக்கா, "இது நாம கிழக்குத் தாம்பரத்துல குடியிருந்த வீட்டுத் தரைடி. அதைப் பார்த்துதான் வரைஞ்சிருக்காங்க" என்றாள்.

"அங்க வெறும் சிவப்பு சிமெண்ட் தரைக்கா."

"நீ சின்னப் பொண்ணு. உனக்கென்ன தெரியும்?"

எனக்குப் பேரன் இருக்கிறான். சின்னப் பொண்ணாம்.

தினமும் காலையில் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும் நேரம் பார்த்து, கீழ்க்கட்டளையில் இருக்கும் தன் வீட்டிலிருந்து போன் செய்து இதையே சொன்னாள். நேரில் காட்டினால்தான் ஓய்வாள் என்று ஒரு சனிக்கிழமை அந்த வீட்டுக்கே கூட்டிப்போனேன்.

இப்போது அங்கே குடியிருக்கும் பெண் கதவைத் திறந்தாள். "இன்னா வேணும்கா?" என்று அவள் கேட்பதற்குள் அக்கா விரிப்பை உதறிப் பிரித்துவிட்டாள். உள்ளே தரை முழுக்கப் பளபளவென்று புது டைல்ஸ். "பழசு அடியில இருக்கும், பாருங்க" என்றாள் அக்கா, அந்தப் பெண் உடனே கடப்பாரை எடுத்துவரப் போவது போல. எனக்கு மானம் போயிற்று. பாவம், அவள் பொறுமையாகப் பின்கட்டு ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டினாள். அங்கே மட்டும் பழைய தரை. சிவப்பு சிமெண்ட்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

"மாத்திட்டாங்க" என்றாள்.

விரிப்பை மடித்துக் கொடுக்க வந்த அந்தப் பெண் சட்டென்று நின்றாள். "இந்தப் பூவு பல்லாவரத்துல எங்க சர்ச் ஹால்ல கீதே! என் கல்யாணம் அங்கதான் நடந்துச்சு."

அந்த வெயிலில் பல்லாவரத்துக்கு ஆட்டோ. வழியெல்லாம் அக்கா டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். ஹாலில் நாற்காலிகளை நகர்த்தியதும் நான்தான். விரிப்பைத் தரையில் போட்டுப் பார்த்தேன். இதழுக்கு இதழ், சங்கிலிக்குச் சங்கிலி, அதே பூ.

வாசற்படி ஓரம் ஒரு டைல் பெயர்ந்து கிடந்தது. திருப்பினேன். பின்பக்கம் பம்பாய் என்று ஆங்கிலத்தில் பதித்திருந்தது. ஏதோ தோன்ற, அம்மா மடித்துத் தைத்திருந்த விரிப்பின் ஓரத்தைக் கொண்டை ஊசியால் பிரித்துப் பார்த்தேன். மங்கலாக மில் முத்திரை. அதிலும் பம்பாய். அந்த ஊரில் மில்லுக்கு டிசைன் வரைந்த யாரோ, தினம் இப்படியொரு தரைமேல் நடந்திருக்க வேண்டும்.

"ரெண்டும் ஒரே ஊருக்கா!" என்று கத்தியே விட்டேன்.

"கால் வலிக்குது. போலாமா?" என்றாள் அக்கா.

அக்கா மகளின் ஃபிளாட்டில் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் நடந்த அன்று திரைச்சீலைகள் நன்றாகவே இருந்தன. அக்கா பாஸ்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இது எங்க பழைய வீட்டுத் தரைங்க. என் தங்கச்சிதான் அலைஞ்சு கண்டுபிடிச்சா."

"அக்கா, பம்பாய்..." என்று ஆரம்பித்தேன். அவள் என் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"ரொம்ப சிரமப்பட்டிருப்பீங்களே" என்றார் பாஸ்டரம்மா.

"கொஞ்ச நஞ்சமில்லைங்க" என்றேன்.