சுவரில் ஒட்டிய கண்ணாடி

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் யார் வீடு கட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தூக்கம் போகும். எல்லாம் இருபதுக்கு முப்பது அடி சைட். இரண்டு வீடுகளுக்கு நடுவே கை நுழையக்கூட இடம் இருக்காது. முதலில் எல்லாமே ஷீட் வீடுகள். பிறகு ஒவ்வொன்றாக ஷீட்டைப் பிரித்து கான்கிரீட் மோல்டு போட்டார்கள். அதன் மேல் ஒரு மாடி, அதற்கும் மேல் வாடகைக்கு இன்னொரு மாடி. இன்று உச்சிவேளையில் மட்டும் தெருவில் கொஞ்சம் வெயில் விழுகிறது.

எனக்கு ஒன்பது வயதானபோது அத்தையின் முறை வந்தது. அத்தை அப்பாவின் அக்கா. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு இரண்டு குடும்பமும் இங்கே அடுத்தடுத்து இடம் வாங்கி, சிக்கனம் பார்த்து, நடுவில் ஒரே சுவரை எழுப்பியிருந்தார்கள். இப்போது அத்தை தன் பக்கத்தை இடித்துவிட்டு இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனாள். அந்த ஒற்றைச் சுவரை ஒட்டியே பில்லருக்குக் குழி வெட்டினார்கள். மூன்றாம் நாள் எங்கள் பக்கம், தம்பி படுக்கும் கட்டிலுக்கு மேலே, தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது.

அம்மா வேலையை நிறுத்தச் சொன்னாள். அக்காவிடம் எதிர்த்துப் பேச அப்பாவுக்கு வாய் வராது. அதனால் சுரங்கத்தில் கற்றதைச் செய்தார். விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டினார்.

"சொவுரு அசஞ்சா மொதல்ல இதான் ஒடையும். ஒடஞ்சா எதையும் எடுக்காதீங்க. தம்பியக் கூட்டிக்கினு வெளிய ஓடிருங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உள்ள பந்து ஆடுன, தோல உரிச்சிருவேன்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதும்போதும் தலை வாரும்போதும் கண் அந்தக் கண்ணாடிக்கே போகும். தம்பி தும்மினால்கூட எனக்குத் திக்கென்றிருக்கும்.

ஒரு சனிக்கிழமை ஓயாத மழை. அம்மா தம்பியோடு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தனியாக இருக்கப் பயமாக இருந்தது. பயத்தை மறக்கத்தான் பந்தை எடுத்தேன். நாலாவது வீச்சு நேராகக் கண்ணாடியில் பட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி இரண்டாகிவிட்டது.

மழைக்கு ஒதுங்கி வேலையாட்கள் போய்விட்டிருந்தார்கள். தார்ப்பாயின் கீழே குழைத்த சிமெண்ட் மிச்சமிருந்தது. ஒரு பிடி அள்ளி வந்தேன். அப்பா மீதம் வைத்திருந்த கண்ணாடித் துண்டுகளில் ஒன்றை எடுத்து, உடைந்ததைப் பெயர்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதே இடத்தில் ஒட்டினேன்.

சாயங்காலம் நனைந்துகொண்டு வந்த அப்பா நேராகச் சுவரிடம் போனார். சிமெண்டைத் தொட்டார். தொட்ட விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, இன்னிக்கு உள்ள பந்து ஆடுனியா?"

"இல்லப்பா."

"நெஜமாவா?"

"சத்தியமா."

அப்பா விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். அம்மாவைக் கூப்பிட்டு, "கெளம்பு, அக்கா வூட்டுக்குப் போலாம்" என்றார்.

"இந்த மழையிலயா? ஒல வெச்சிருக்கேன்."

"எறக்கி வெச்சிட்டு வா."

அவர் குரலைக் கேட்டு அம்மா உலையை இறக்கி வைத்தாள். விருந்தாடப் போகிறோம், தோல் தப்பியது என்று நான் முன்னால் நடந்தேன்.

காலையில் திரும்பி வந்தபோது சுவர் உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது. தம்பியின் கட்டில் செங்கல்லுக்கு அடியில் இருந்தது. அதன் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அம்மா தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். என் பந்துதான் சுவரைத் தள்ளிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. யாராவது அந்த உடைந்த கண்ணாடியைக் கண்டெடுத்துவிடுவார்களோ என்று இடிபாட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது எங்களுக்கும் மூன்று மாடி. புதிதாக யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

"கண்ணாடி தானா ஒடஞ்சிருக்கு. புள்ள பயந்துபோயி வேற ஒட்டி வெச்சிருக்கு. சிமெண்டு ஈரம் காயல. பந்து ஆடுனியான்னு கேட்டேன், இல்லன்னுச்சு. எம்பொண்ணு பொய் சொல்லாது. அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் எல்லாரையும் கெளப்புனேன்."

இதை முதன்முறை கேட்டபோது எனக்கு இருபது வயது. அப்போதுதான் விளங்கியது. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா என்னை நாலு அடி அடித்திருப்பார், அம்மா சோறு போட்டிருப்பாள், தம்பி அந்தக் கட்டிலில் படுத்திருப்பான்.

அப்பா கதையை ஆரம்பித்ததும் காபி போடுவதாகச் சொல்லி நான் உள்ளே போய்விடுவேன். சில நாள் தம்பியும் பின்னாலேயே வந்து, தனக்குச் சர்க்கரை தூக்கலாகப் போடச் சொல்வான்.