வெள்ளிக்கிழமையில் ஒரு ஜோர்ஜிய சாலட்

இங்கே ஒஸ்லோவில், வேலையிடத்தில் ஜோர்ஜியா நாட்டுக்காரி ஒருத்தி சொல்லித்தந்த சாலட்டை இன்று வீட்டில் செய்தேன்.

அவள் மாட்டிறைச்சி போடுவாள். நான் ஆட்டிறைச்சியை அவித்துப் பிய்த்துப் போட்டேன். சிவப்பு பீன்ஸ், பப்ரிகா என்ற குடைமிளகாய், வெங்காயம், உள்ளிப்பூண்டு, இடித்த வால்நட், கைநிறையக் கொத்தமல்லி இலை, கொஞ்சம் வினாகிரி. அவள் தந்தது எட்டுப் பேருக்கான அளவு. குறைக்க மனம் வரவில்லை.

மகன் வேலை கிடைத்து ஸ்தவாங்கர் நகருக்குப் போனபிறகு என் மேசையில் இரண்டாவது சாப்பாட்டுக் கோப்பை வைத்ததில்லை. இன்று வைத்தேன். வைத்துவிட்டு, மேல்மாடி ரதி அக்காவின் கதவைத் தட்டினேன். இவ்வளவு காலத்தில் இதுதான் முதல் தடவை.

“அக்கா, சாப்பிட வாங்கோ. இறைச்சி போட்டு ஒரு சாலட் செய்தனான்.”

“ஐயோ பிள்ளை, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ! நாங்கள் சைவம்.”

பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டிலை ஒருத்தரும் சொல்லேல்லையே?” என்றார்.

“ஷிப்ட் வேலையிலை கிழமை மறந்துபோச்சு அக்கா” என்று சமாளித்துவிட்டுக் கீழே வந்தேன்.

மகன் இருந்த காலத்தில், இறைச்சியை வெளியே எடுத்த உடனேயே அறைக்குள்ளிருந்து குரல் வரும்: “அம்மா, இண்டைக்கு வெள்ளி!” இவ்வளவு நாளும் விரதம் பிடித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் இன்னும் சாப்பிடவில்லை. எட்டுப் பேருக்கான சாலட் அப்படியே இருக்கிறது. இதை வாசிப்பவர்களில் ஒஸ்லோவில் நிற்பவர்கள் நாளை மத்தியானம் சாப்பிட வரலாம். சனி விரதக்காரர் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டாவது கோப்பையை நான் இன்னும் எடுக்கவில்லை.